மீன் சுணங்கினால்: வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் நோய் பார்த்தலும் மருந்து கொடுத்தலும்

மணவாள நகரில் கடல்மீன் வளர்ப்பவருக்குச் சங்கடங்கள் இரண்டு. கடல் பக்கத்தில் இல்லை. மீன் வைத்தியம் தெரிந்தவரும் பக்கத்துத் தெருவில் இல்லை. மீன் ஒதுங்கி நின்றதும் பலர் செய்வது இதுதான்: கொளத்தூர்க் கடைக்கு போன் போட்டு, அவர்கள் சொன்ன நீலநிறப் புட்டியை வாங்கி வந்து, பெரிய தொட்டியிலேயே ஊற்றிவிடுவார்கள். நோய் என்னவென்று தெரியாமல் ஊற்றிய மருந்து மீனைக் காப்பாற்றுவது அபூர்வம். லைவ் ராக்கில் வாழும் நல்ல பாக்டீரியாவையும் இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் கொல்வது மட்டும் உறுதி.

இந்த அத்தியாயத்தில் வரும் வேலைகளுக்கு ஒரே வரிசைதான்: முதலில் தண்ணீர், அடுத்து மீனைப் பிரிப்பது, அதன்பின் நோயை அடையாளம் காண்பது, கடைசியில் மருந்து. முதல் இரண்டை ஒழுங்காகச் செய்தாலே, சித்திரை, வைகாசி வெயிலில் வரும் "நோய்களில்" கணிசமானவை மருந்தில்லாமல் அடங்கிவிடும்.

முதல் அரை மணி நேரம்

மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா, மூலையில் நிற்கிறதா, பாறையில் உடம்பைத் தேய்க்கிறதா, எதுவானாலும் இதே வரிசை.

1. ஏர் ஸ்டோனைப் போடுங்கள். பம்பின் வாயை மேற்பரப்பு நோக்கித் திருப்பி நீரைக் கலக்குங்கள். உப்புநீரில் ஆக்சிஜன் நன்னீரை விடக் குறைவாகவே கரையும்; சூடேறினால் இன்னும் குறையும்.
2. வெப்பமானியைப் பாருங்கள். 25 முதல் 27 டிகிரி நல்லது. 30-ஐத் தாண்டினால் மூடியைத் திறந்து, விளக்கை அணைத்து, நீர்மட்டத்தின்மேல் காற்று படும்படி மின்விசிறி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகும் அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. நீரை ஊற்றி ஈடுகட்டுங்கள். ஐஸ் கட்டியை நேராகப் போட வேண்டாம்.
3. உப்புச் செறிவை ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். ஒப்படர்த்தி 1.025 அருகில் இருக்க வேண்டும். முள் ஆடும் பிளாஸ்டிக் கருவியை நம்பி சிகிச்சை தொடங்காதீர்கள்.
4. அமோனியா சோதியுங்கள். லிட்டருக்கு 0.25 மி.கி. காட்டினாலே எச்சரிக்கை. கடல்நீரின் கார அமிலநிலை 8.2 சுற்றளவில் இருப்பதால் அதே அளவு அமோனியா நன்னீர்த் தொட்டியை விட இங்கே அதிகம் கடிக்கும். உடனே கால் பங்கு நீரை மாற்றுங்கள்.
5. அறையில் யாராவது கொசு மருந்து, ஃபினாயில், பெயின்ட், வார்னிஷ் பயன்படுத்தினார்களா என்று கேளுங்கள். ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் தொட்டிக்குள் தள்ளுகிறது. சந்தேகம் இருந்தால் ஜன்னலைத் திறந்து, தொட்டியில் கரி போட்டு, நீரை மாற்றுங்கள்.

எல்லா மீனும் ஒரே நேரத்தில் திணறினால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். ஒன்றில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாகப் பரவினால் நோயைச் சந்தேகப்படுங்கள்.

குறிப்பு: மீன் நலமாக இருக்கும்போதே நிமிடத்துக்கு எத்தனை முறை செவுள் மூடி அசைகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். நோய் நாளில் அந்த எண்தான் உங்கள் அளவுகோல்.

எந்தத் தண்ணீர்?

திருவள்ளூர்ப் பக்கத்து போர் தண்ணீரில் கடல்மீனுக்கு உப்பு கரைக்காதீர்கள். கடினத்தன்மை தெருவுக்குத் தெரு மாறும். வீட்டு ஆர்.ஓ. நீர் உத்தமம். கேன் தண்ணீர் என்றால் ஒவ்வொரு கேனையும் டி.டி.எஸ். மீட்டரால் பார்த்து ஊற்றுங்கள்; ஒரே கடையிலிருந்து வரும் கேன்களுக்குள்ளேயே வித்தியாசம் இருக்கும்.

"எண்ணூர் போய் நாலு கேன் கடல் தண்ணீர் கொண்டு வந்துவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி ஓடும் நம்ம ஊர்க் கொசஸ்தலை ஆறு, அனல்மின் நிலையச் சாம்பலையும் தொழிற்சாலைக் கழிவையும் சேர்த்துக்கொண்டு எண்ணூரில்தான் கடலைச் சேர்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு அங்கே எண்ணெய் பரவியது நினைவிருக்கும். பழவேற்காடு ஏரி நீரும் ஆகாது. அது உவர்நீர், மழைக்கும் முகத்துவாரத்துக்கும் ஏற்ப உப்பு ஏறி இறங்கும். மீன்தொட்டிக்கென்று விற்கும் செயற்கைக் கடல் உப்பை லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் கரைத்து, ஒரு நாள் முழுக்க ஏர் விட்டுப் பயன்படுத்துங்கள். சமையல் கல்லுப்பு அதற்கு மாற்று அல்ல.

மருத்துவத் தொட்டி

நோய் வந்தபின் தேடாமல் இன்றே வாங்கி வைக்க வேண்டியவை: 40 முதல் 60 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் டப் இரண்டு, ஏர் பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிவிசி பைப் துண்டுகளும் எல்போக்களும் (மீன் ஒளிந்துகொள்ள), மூடுவதற்கு வலை, தனி மக், தனி வலைக்கரண்டி. ஸ்பாஞ்சை எப்போதும் பெரிய தொட்டியின் சம்ப்பில் போட்டு வைத்திருந்தால் தேவைப்படும் அன்று அதில் பாக்டீரியா தயாராக இருக்கும்.

மணல் வேண்டாம், பாறை வேண்டாம், கரி வேண்டவே வேண்டாம். மணலும் பாறையும் தாமிரத்தை உறிஞ்சும். கரி மற்ற மருந்துகளையும் இழுத்துவிடும். ஹீட்டருக்கு மார்கழி, தை இரவுகளில் மட்டும் வேலை இருக்கும்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. தரையில் வைத்த டப், ஈரக் கை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூன்றும் சேரும் இடம் ஆபத்தானது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கையை விடுமுன் எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். வயர் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கி மேலேறும்படி விடுங்கள். வழியும் நீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும். வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், இந்தப் புத்தகத்தை மூடிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

என்ன நோய்?

டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் அடித்து, மீன் உங்கள் பக்கம் திரும்பும்வரை பொறுமையாகப் பாருங்கள்.

*உப்புத் தூவியது போல எண்ணக்கூடிய வெள்ளைப் புள்ளிகள்:* கடல் வெண்புள்ளி நோய். கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி. டாங் வகைகளுக்கு, அதிலும் பிள்ளைகள் "டோரி" என்று அழைக்கும் நீல டாங்குக்கு, முதலில் வரும். இதைப் பற்றி ஒரே ஒரு உயிரியல் பாடம் தெரிந்தால் போதும். ஒட்டுண்ணி மீன்மேல் 3 முதல் 7 நாள் இருக்கும்; பிறகு உதிர்ந்து, மணலிலோ பாறையிலோ கூடு கட்டிப் பெருகும்; கூடு உடைந்ததும் அடுத்த மீனைத் தேடும். புள்ளி மறைந்ததைப் பார்த்து "சரியாகிவிட்டது" என்று மருந்தை நிறுத்துவது இதனால்தான் தவறு. உதிர்ந்தவை பத்து மடங்காகத் திரும்பி வரும்.

*மாவு அல்லது பொன்துகள் பூசியது போல எண்ண முடியாத நுண்தூள்:* வெல்வெட் நோய். பல நேரம் தூள் கண்ணுக்குப் படுவதற்கு முன்பே செவுள் வேகமாக அடிக்கும், மீன் பம்பின் நீரோட்டத்துக்கு எதிரே முகத்தை வைத்து நிற்கும், வெளிச்சத்தை விட்டு ஒதுங்கும். இரண்டு மூன்று நாளில் தொட்டியையே காலி செய்யும். சந்தேகம் வந்த அன்றே செயல்பட வேண்டும்.

*தோல் உரிவது போல வெள்ளைச் சளி, பெரும்பாலும் கோமாளி மீனில்:* புரூக்ளினெல்லா. கடைகளில் "நீமோ" என்று விற்கும் மீன் வாங்கிய முதல் வாரத்தில் சளி பிடித்துச் செத்தால் பெரும்பாலும் இதுவே. தாமிரம் இதற்கு வேலை செய்யாது.

*கண் மங்கல், தேய்த்தல், தலையை உதறுதல்:* தட்டைப்புழுவாக இருக்கலாம். கீழே வரும் நன்னீர்க் குளியலே சோதனையும் ஆகிவிடும். புழுக்கள் வெள்ளைச் செதில்களாக உதிர்ந்து வாளியின் அடியில் கிடக்கும். பிராசிகுவான்டெல் லிட்டருக்கு 2.5 மி.கி., ஒரு வார இடைவெளியில் இருமுறை. கால்நடை மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள்.

*துடுப்பில் காலிஃப்ளவர் போன்ற முடிச்சு:* லிம்போசிஸ்டிஸ் என்ற வைரஸ். மருந்து கிடையாது, தேவையும் இல்லை. நல்ல தீனி, நல்ல நீர் போதும்.

பள்ளி மாணவர் பயன்படுத்தும் சாதாரண நுண்ணோக்கி ஒன்று வீட்டில் இருந்தால், தோலை லேசாக வழித்தெடுத்த சளியை 100 மடங்கில் பாருங்கள். ஊர்ந்து உருளும் உயிரிகள் தெரியும். பத்துக் கடைக்காரர் யோசனையை விட அது மேல்.

நன்னீர்க் குளியல்: அவசர உதவி

வெல்வெட், தட்டைப்புழு இரண்டுக்கும் மூச்சுவிட அவகாசம் தரும். முழுச் சிகிச்சை அல்ல.

1. சுத்தமான வாளியில் 5 லிட்டர் ஆர்.ஓ. நீர். தொட்டியின் அதே வெப்பநிலை.
2. ஆப்ப சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகக் கரைத்து அமில-கார அளவை 8.2-க்குக் கொண்டு வாருங்கள். இந்தப் படியைத் தாண்டுவதால்தான் பலருக்கு மீன் வாளியிலேயே சாகிறது.
3. அரை மணி நேரம் ஏர் விடுங்கள்.
4. மீனை விட்டு 3 முதல் 5 நிமிடம். முதல் நொடிகளில் சாய்ந்து படுப்பது சகஜம். விடாமல் துள்ளி மோதினாலோ, செவுள் அசைவு நின்றாலோ உடனே எடுங்கள்.
5. மருத்துவத் தொட்டிக்கு மாற்றுங்கள். வந்த தொட்டிக்குத் திரும்ப வேண்டாம்.

வெண்புள்ளிக்கு மருந்தில்லா வழி: தொட்டி மாற்றுதல்

காக்களூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ கும்மிடிப்பூண்டிக்கோ ஷிப்ட் வேலைக்குப் போகிறவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தாமிரம் தினமும் இருமுறை அளவு பார்க்கக் கேட்கும். இதற்கு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். உதிர்ந்த கூடு உடைந்து குஞ்சுகள் வெளிவருவதற்குள் மீனை அங்கிருந்து எடுத்துவிடுவதுதான் இதன் சூத்திரம்.

1. முதல் நாள்: மீனை புது உப்புநீர் நிறைந்த டப் 'அ'-வில் விடுங்கள். பெரிய தொட்டியின் நீரை எடுத்து வராதீர்கள்.
2. நான்காம் நாள்: டப் 'ஆ', புது நீர், புது ஏர் ஸ்டோன். 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. நைட் ஷிப்ட் வருகிறதென்றால் சில மணி நேரம் முன்கூட்டியே மாற்றுங்கள், பிந்தாதீர்கள்.
3. காலியான டப், பைப், வலை எல்லாவற்றையும் கழுவி மொட்டைமாடி வெயிலில் முழுதும் காயவையுங்கள். நம் வெயிலுக்கு இதுவே நல்ல பயன்.
4. ஏழாம் நாள் மறுபடி 'அ', பத்தாம் நாள் 'ஆ'.
5. பதின்மூன்றாம் நாள் சுத்தமான கவனிப்புத் தொட்டிக்கு.

40 லிட்டர் டப் என்றால் நான்கு முறைக்கு 160 லிட்டர் நீர், சுமார் 6 கிலோ உப்பு. செலவு உறைக்கும்தான், ஒரு டாங்கின் விலையை நினைத்துப் பார்த்துத் தீர்மானியுங்கள். இரு டப்புகளின் உப்புச் செறிவும் வெப்பமும் ஒன்றாக இருக்க வேண்டும். வெல்வெட்டுக்கும் புரூக்ளினெல்லாவுக்கும் இந்த முறை போதாது.

மயில்துத்தம்: தாமிரச் சிகிச்சை

வெண்புள்ளி, வெல்வெட் இரண்டையும் தாமிரம் அடக்கும். நஞ்சுக்கும் மருந்துக்கும் இடைவெளி குறுகியது: லிட்டருக்கு 0.15 மி.கி.க்குக் கீழே வேலை செய்யாது, 0.20-க்கு மேலே மீனுக்கே ஆபத்து. இந்தக் கணக்கு மயில்துத்தத்துக்கு (காப்பர் சல்ஃபேட்) மட்டும். கடையில் வரும் கட்டுப்பட்ட தாமிர மருந்துகளுக்குப் புட்டியிலுள்ள அளவே வேறு, இரண்டையும் குழப்பாதீர்கள்.

ஆய்வகத் தரத் தூளையே வாங்குங்கள். நாட்டு மருந்துக் கடைக் கட்டியில் என்னென்ன கலந்திருக்கும் என்று தெரியாது. கம்பெனியின் பிளேட்டிங் பிரிவில் கிடைக்கிறதே என்று யாரும் ஆசைப்பட வேண்டாம். அந்தக் கரைசல்களில் அமிலமும் வேறு சேர்மங்களும் இருக்கும்.

1. 0.01 கிராம் காட்டும் தராசில் 3.93 கிராம் தூளை எடுத்து ஒரு லிட்டர் ஆர்.ஓ. நீரில் கரையுங்கள். ஒரு மில்லியில் 1 மி.கி. தாமிரம். புட்டியில் "விஷம்" என்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டுங்கள். கையுறை போடுங்கள்.
2. தொட்டி 40 லிட்டர், இலக்கு 0.18 என்றால் 40 × 0.18 = 7.2 மில்லி.
3. ஒரே நேரத்தில் ஊற்றாதீர்கள். 12 மணி நேர இடைவெளியில் 2.4 மில்லியாக மூன்று முறை.
4. குறைந்த அளவைக் காட்டும் தாமிரச் சோதனைப் பெட்டியால் காலை, மாலை பாருங்கள். கார நீரில் தாமிரம் தானே படிந்து குறையும். குறைந்ததை மட்டும் ஈடுகட்டுங்கள்.
5. 10 லிட்டர் நீர் மாற்றினால் புது நீரில் 1.8 மில்லி சேருங்கள்.
6. குறைந்தது 21 நாள். நடுவில் ஒரு நாள் 0.15-க்குக் கீழே போனால் கணக்கு முதலிலிருந்து.

மீன் தீனியை மறுத்து மூச்சு வாங்கினால் பாதி நீரை மாற்றி அளவை இறக்குங்கள். மாண்டரின், சில குட்டி ஏஞ்சல் வகைகள், விலாங்கு ஆகியவை தாமிரத்தைத் தாங்காதவை. வெண்புள்ளி வந்தால் தொட்டி மாற்றும் முறையே அவற்றுக்கு.

பெரிய எச்சரிக்கை ஒன்று. தாமிரம் இருக்கும் நீரில் குளோரின் நீக்கி, அமோனியா நீக்கி திரவங்களைச் சேர்க்காதீர்கள். அவை தாமிரத்தை இன்னும் கொடிய வடிவுக்கு மாற்றக்கூடும். அமோனியா ஏறினால் நீரை மாற்றுவதுதான் வழி.

ஃபார்மலின்

புரூக்ளினெல்லாவுக்கு இதுதான் நம்பகமானது. இந்த அத்தியாயத்தில் உங்களுக்கே அதிகம் தீங்கு செய்யக்கூடியதும் இதுதான். புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருள். மொட்டைமாடியிலோ வாசலிலோ நிழலில் மட்டும். கையுறை, கண்ணாடி கட்டாயம். வீட்டில் கர்ப்பிணியோ ஆஸ்துமா உள்ளவரோ இருந்தால் வேண்டாம். புட்டியின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் பயன்படுத்தாதீர்கள்.

நம் ஊர் வெப்பத்தில் 37 சதவீத ஃபார்மலின் லிட்டருக்கு 0.15 மில்லிக்கு மேல் வேண்டாம்: 10 லிட்டர் தொட்டி நீருக்கு 1.5 மில்லி, 30 முதல் 45 நிமிடம். ஃபார்மலின் ஆக்சிஜனைக் குடிப்பதால் ஏர் ஸ்டோன் முழு வேகத்தில் ஓட வேண்டும், நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிறகு சுத்தமான புது நீருக்கு மீனை மாற்றுங்கள். பகல் உச்சியில் செய்யாதீர்கள், விடியற்காலை உகந்தது.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

இரண்டு மருந்தை ஒன்றாகக் கலப்பது முதலாவது. மனிதருக்கான ஆன்டிபயாட்டிக் கேப்சூலைப் பிரித்துக் கொட்டுவது இரண்டாவது. ஒட்டுண்ணிக்கு அது ஒன்றும் செய்யாது, ஃபில்டர் பாக்டீரியாவைக் கொல்லும். கிளீனர் ராஸ் மீனை வாங்கி விட்டால் வெண்புள்ளியைத் தின்று தீர்த்துவிடும் என்பது கடைப் பேச்சு. பூண்டுச் சாறு தீனியில் ஆசையைத் தூண்டலாம், நோயைக் கொல்லாது.

நோய்த் தொட்டியில் நனைத்த கையை அடுத்த தொட்டியில் விடுவது பலரும் கவனிக்காதது. உங்கள் கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் நீரைத் தொடாதீர்கள். மீன்தொட்டி நீரிலிருந்து மாறாத புண் உண்டாக்கும் பாக்டீரியா ஒன்று உண்டு. வாரக்கணக்கில் ஆறாத கட்டி வந்தால், மீன் வளர்ப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பாறையைக் கிருமி நீக்குகிறேன் என்று கொதிக்க வைக்கவே கூடாது. சில பவள உயிர்களின் நஞ்சு ஆவியாய் வந்து வீட்டாரையே மருத்துவமனையில் சேர்க்கும்.

மின்வெட்டையும் திட்டத்தில் சேருங்கள். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று இல்லாமல் ஐப்பசி மழையில் சிகிச்சை தொடங்காதீர்கள்.

யாரைக் கேட்பது?

நம் மாவட்டத்திலேயே பொன்னேரியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அந்தக் கல்லூரி அடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரின நோய்ப் பரிசோதனைக் கூடம் மாதவரத்தில் இருக்கிறது. முன்கூட்டி போனில் கேட்டுவிட்டு, நோயுற்ற மீனை உயிரோடு, அது வாழ்ந்த நீரிலேயே கொண்டு போங்கள். செத்த மீனின் மேல் ஒட்டுண்ணி தங்காது. ஃப்ரீசரில் வைத்த மீனில் அநேகமாக ஒன்றும் தெரியாது. தனிப் புட்டியில் தொட்டி நீர், நீங்கள் கொடுத்த மருந்துகளின் பட்டியல் இரண்டும் வேண்டும்.

புது மீன் வாங்கக் கொளத்தூர் போகிறவர்கள் திருவள்ளூர் ரயிலில் வில்லிவாக்கத்தில் இறங்குவது எளிது. மாலை ரயிலில் திரும்புங்கள், பையைத் தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள். மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இனப்பெருக்கம் செய்து காட்டிய கோமாளி மீன் போன்ற பண்ணை மீன் கிடைத்தால் அதையே எடுங்கள். கடலில் பிடித்ததை விட நோய் குறைவு. கடல்குதிரையை யாராவது ரகசியமாக நீட்டினால் விலகிவிடுங்கள். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

திருப்பி விடுவதற்கு முன்

பெரிய தொட்டியை 76 நாள் மீனே இல்லாமல் விடுங்கள். இறாலும் பவளமும் இருக்கலாம், அவற்றுக்கு வெண்புள்ளி வராது. வழக்கம்போல விளக்கு, நீரோட்டம், கொஞ்சம் தீனி. அந்த நாட்களில் "ஒரே ஒரு சின்ன டாம்சல்" கூட உள்ளே போகக் கூடாது; போனால் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.

காப்பாற்ற முடியாத மீனை வேதனையில் விடாதீர்கள். மெடிக்கல் ஷாப் கிராம்பு எண்ணெயை வெந்நீர்ப் புட்டியில் குலுக்கி, லிட்டருக்கு 0.4 மில்லி வீதம் கலந்த நீரில் விட்டு, செவுள் அசைவு நின்றபின்னும் அரை மணி நேரம் வைத்திருங்கள். செத்த மீனை மண்ணில் ஆழமாகப் புதையுங்கள். தாமிரம் கலந்த நீரை ஏரி, குளம், கிணற்றோரம், செடி எதற்கும் ஊற்றாமல் கழிவறையில் நிறைய நீரோடு விடுங்கள். உயிருள்ள மீனைப் பூண்டியிலோ கூவத்திலோ விட்டுவிடுவது இரக்கம் அல்ல. கடல்மீன் அங்கே சில மணி நேரம்கூடத் தாங்காது.